பாய்க்கு விலை சொல்வது யார்?

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருவீதி, இலங்கையின் கீழைக்கரையில் மக்கள் நெருங்கி வாழும் பகுதியினூடே செல்வது. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். நிந்தவூரைத் தாண்டிக் களியோடையைக் கடந்தால் ஒலுவில். மேற்கே வயல்வெளி; கிழக்கே வங்கக் கடல். இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவை இரண்டு. 1995ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலே முழுநிலை எய்திய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒன்று. 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துறைமுகம் மற்றொன்று.

இவ்விரண்டும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கரையில் வேரூன்றிய கைத்தொழில்கள் இரண்டு உண்டு. பெண்கள் வீட்டு விறாந்தையிலிருந்து இழைக்கும் பன் பாய் ஒன்று. மருதமுனையின் கைத்தறித் துணி மற்றொன்று. இவற்றின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இன்று எழுதப் புகுவது அழகைப் பற்றியன்று. அவற்றை விற்கும் சிறு கடையைப் பற்றி. இழைக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவே நிற்பது அக்கடை. கைத்தொழில் வாழ்வதும் மாய்வதும் பெரும்பாலும் அங்கே சொல்லப்படும் விலையைப் பொறுத்ததே என்பது எமது துணிபு.

பன்னும் பாயும்

பன் என்பது சதுப்பிலும் நீரோரத்திலும் வளரும் கோரை இனத்துப் புல். சிங்கள மக்களும் இதனைப் பன் என்றே வழங்குவர். மொழி வேறாயினும் புல்லின் பெயர் ஒன்றாயிருப்பது, இத்தீவில் இரு மக்களும் ஒரே நீர்நிலைகளை அடுத்து வாழ்ந்ததன் அடையாளம் எனலாம்.

பாய் இழைப்பதற்கு முன்னரே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். பன்னை அறுத்து, தரம் பிரித்து, வெயிலிற் பரப்பிக் காயவைக்க வேண்டும். மழையில் நனைந்தால் அது கறுத்துப் போகும். காய்ந்தவற்றுட் சிலவற்றைச் சாயநீரில் அவித்து மீண்டும் உலர்த்துவர். பின்னர் நிலத்தில் அமர்ந்து, தறியுமின்றிக் கருவியுமின்றி, இரு கைவிரல்களாலேயே மேலும் கீழுமாகக் கோத்து இழைப்பர். கோலம் கண்ணிலும் கணக்கு மனத்திலும் இருக்கும். ஓரிழை பிசகினாற் பத்து வரிசைக்கு அப்பால் அது தெரியவரும். அப்போது அவிழ்த்து மீண்டும் இழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வேலைக்குத் தனியான நேரம் கிடையாது. உலை கொதிக்கும்வரை சிறிது, பிள்ளை உறங்கும்போது சிறிது, பிற்பகல் தொழுகைக்குப் பின் அயல்வீட்டுப் பெண்களோடு பேசியபடி சிறிது என்று துண்டு துண்டாகக் கிடைக்கும் பொழுதிலே பாய் வளர்கிறது. இதனால் நேர்ந்த தீங்கு ஒன்றுண்டு. துண்டு துண்டாகக் கிடைத்த பொழுதை ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ‘சும்மா இருக்கும் நேரத்தில் இழைத்ததுதானே’ என்று வாங்குவோர் கூறுவர். சிலவேளை இழைத்தவரே அவ்வாறு கூறிவிடுவர்.

தமிழ்நாட்டிலே திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள பத்தமடையை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அங்கும் பாய் நெய்வோர் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்தினரே. கோரையை நீரிலே பல நாள் ஊறவைத்து, நுண்ணியதாகக் கிழித்து, பருத்தி நூற் பாவிலே ஊடையாகச் செலுத்தி நெய்வர். பட்டுத்துணிபோல் மடிக்கத்தக்க பாய் அங்கே உண்டு. மணமகன் மணமகள் பெயர்களை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயும் உண்டு. அப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சாதாரணப் பாய்க்குப் பேரம் பேசுவோர், பெயர் பொறித்த கல்யாணப் பாய்க்குப் பேரம் பேசத் தயங்குவர் அல்லவா? யாருக்காக, யாரால் செய்யப்பட்டது என்பது தெரிந்தவுடன் பொருளின் மதிப்பு மாறிவிடுகிறது. இதனைப் பின்னர் மீண்டும் கவனிப்போம்.

மருதமுனைத் தறி

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்துள்ளது மருதமுனை. ‘மருதமுனைச் சாறன்’ என்றாற் கீழ்மாகாணத்தில் அறியாதார் இல்லை. தறியோசையைக் கேட்டே ஊர் வந்துவிட்டதென்று அறிந்த காலமும் ஒன்றிருந்தது.

இத்தறிகளின் வரலாறு நாட்டின் பொருளாதார வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1970 முதல் 1977 வரையுள்ள ஆண்டுகளில் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர்த் தறிகளுக்கு வேலை பெருகிற்று. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் மலிவான துணி கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. மருதமுனை முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் பழைய நிலை திரும்பவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றபோது, தறிகளும் நூற்கட்டுகளும் உடன் சென்றன. எஞ்சியோர் மீண்டும் தறி நாட்டினர். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டிற்று. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏறியபோது, நெய்பவரின் கூலியே முதலிற் சுருங்கியது.

நெசவிலும் கணக்கில் வாராத பொழுது உண்டு. நாடா ஓடும் நேரத்தை எண்ணுவோர் உளர். நூலுக்குச் சாயமேற்றி, காயவைத்து, தார் சுற்றி, பாவோடி, அறுந்த இழைகளை முடிந்து கொடுக்கும் நேரத்தை எண்ணுவோர் சிலரே. இவ்வேலைகளிற் பெரும்பங்கு பெண்களுடையது, வீட்டுக்குள்ளே நடப்பது.

வேல்ஸ் நாட்டுப் போர்வை

இதே சிக்கல் மற்றொரு நாட்டில் எவ்வாறு எழுந்தது, அங்கே என்ன செய்தனர் என்று பார்ப்பது பயனுடையது. பிரித்தானியாவின் மேற்குப் புறத்திலுள்ள வேல்ஸ், பரப்பில் இலங்கையின் மூன்றிலொரு பங்கு அளவினது. மலையும் மேய்ச்சல் நிலமும் மிக்கது. பக்கத்திலே ஆங்கிலம் எனும் பெருமொழி நிற்க, தன் மொழியை இன்றும் விடாது பேணிவருவது.

அந்நாட்டுக் கிராமப் பெண்களின் கைத்திறம் போர்வை தைத்தல். இரண்டு துணிகளுக்கு நடுவே ஆட்டு மயிரைப் பரப்பி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூன்றையும் ஊடுருவி ஊசியாற் கோலமிட்டுத் தைப்பார்கள். சுருளும் இலையும் இதயவடிவமும் அவர்களுக்கு உகந்த கோலங்கள். முன்னாளில் தையற்காரி பண்ணைக்குப் பண்ணை சென்று, அங்கேயே தங்கி, அவ்வீட்டாருக்கு வேண்டிய போர்வைகளைத் தைத்துக் கொடுத்து அடுத்த பண்ணைக்குப் போவாள். உணவும் உறைவிடமும் சிறு கூலியுமே அவள் பெற்றவை. தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில், கணவனை இழந்தோரும் கணவன் முடமாகிப் போனோரும் இத்தொழிலாற் பிழைத்தனர். அயலார் வாரந்தோறும் சிறு தொகை செலுத்திப் போர்வை பெறும் சீட்டு முறையும் அங்கே இருந்தது. எமது நாட்டுப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதை இது நினைவூட்டும்.

ஒட்டுத்துணி வேலைக்கும் அந்நாடு பெயர்பெற்றது. றெக்ஸாம் நகரத்துத் தையற்காரர் ஜேம்ஸ் வில்லியம்ஸ், தம் தொழிலில் மிஞ்சிய கம்பளித் துண்டுகளைக் கொண்டு 1842 முதல் 1852 வரை பத்தாண்டுகள் உழைத்து ஒரு போர்வையைத் தைத்தார். அதிலுள்ள துண்டுகள் 4,525. நோவாவின் பேழையும் யோனாவை விழுங்கிய திமிங்கிலமும், அக்காலத்துப் புதுமையான மெனாய்த் தொங்குபாலமும் அதிலே காட்சி தருகின்றன. இன்று அது கார்டிஃப் நகரையடுத்த செயின்ற் பாகன்ஸ் நூதனசாலைக்கு உரியது.

முதல் உலகப் போருக்குப் பின்னர் நிலக்கரித் தொழில் நலிந்தது. சுரங்க ஊர்களில் வறுமை பரவிற்று. அப்போது, 1928ஆம் ஆண்டில், பிரித்தானியக் கிராமியக் கைத்தொழிற் பணியகம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. தெற்கு வேல்ஸிலும் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலும் போர்வை தைக்க வல்ல பெண்களைத் தேடிக் கண்டது. நல்ல துணியைக் கொடுத்தது. வேலையின் தரத்தை உயர்த்தியது. இளம்பெண்களுக்கு வகுப்பு நடத்தியது. இலண்டனிற் கண்காட்சி வைத்து வாங்குவோரைப் பிடித்துக் கொடுத்தது. 1930களின் தொடக்கத்தில் இலண்டனின் புகழ்மிக்க கிளாரிட்ஜ் ஹோட்டல் தன் புதிய கட்டடத்துக்கு வேண்டிய போர்வைகளை இப்பெண்களிடமிருந்தே வாங்கிற்று. சுரங்கத் தொழிலாளியின் மனைவி தைத்த போர்வையை அரச விருந்தினர் போர்த்துக்கொண்டனர்.

இங்கே மாணாக்கர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பெண்களின் விரல்கள் 1927இலும் அதே விரல்கள்தாம். தையலும் அதே தையல்தான். மாறியது, அவர்களுக்கும் வாங்குவோருக்கும் இடையே நின்ற ஏற்பாடு. அவ்வேற்பாடு நிலைக்கவில்லை என்பதும் உண்மையே. 1939இற் போர் மூண்டது. 1941இற் துணிக்கும் பங்கீடு வந்தது. தொழில் அற்றுப்போகும் நிலையடைந்தது. பிற்காலத்திலே, அமெரிக்காவிலிருந்து வந்து வேல்ஸிற் குடியேறிய ஜென் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, எவரும் பெரிதாக மதியாத பழம்போர்வைகளைத் தேடிச் சேர்த்தார். தமது நாட்டுப்புறக் குடிலையே கடையாக்கி விற்றும் வந்தார். 2009ஆம் ஆண்டில் லாம்பிட்டர் எனும் சிறு நகரத்தில் வேல்ஸ் போர்வைகளுக்கென ஒரு கண்காட்சி நிலையத்தையும் திறந்தார்.

இன்று வேல்ஸின் சிற்றூர்களிற் காணப்படும் போர்வைக் கடைகள் பெரும்பாலும் முடிந்த போர்வையை விற்று வாழ்வதில்லை. நூறு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட உழைப்புக்கு உரிய விலையைக் கொடுப்போர் எங்கும் சிலரே. ஆகவே, கடைக்காரி துணியை அளவாக வெட்டி, மடித்து, நாடா கட்டிச் சிறு கட்டாக விற்கிறாள். ஊசி, நூல், மாதிரித்தாள் ஆகியவற்றை விற்கிறாள். பின்னறையில் மேசையிட்டு வாரத்தில் ஒருநாள் வகுப்பு நடத்துகிறாள். நீண்ட குளிர்கால மாலைகளில் அவ்வகுப்பே ஊர்ப் பெண்களுக்குச் சந்திப்பிடமாகிறது. பொருளோடு பழக்கத்தையும் பயிற்சியையும் சேர்த்து விற்பதால் கடை நிற்கிறது.

வேல்ஸுக்கும் எமக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. கனடாவிலே 1897இற் பிறந்த கிராம மாதர் சங்க இயக்கம், பிரித்தானியாவில் முதன்முதற் காலூன்றியது 1915ஆம் ஆண்டில், வேல்ஸின் அங்கிள்சித் தீவிலுள்ள ஒரு கிராமத்தில். அதே கனடாவிலிருந்து வந்து, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டிலே மருத்துவம் புரிந்த டாக்டர் மேரி இரட்ணம் அம்மையார், 1930இல் இலங்கை மகளிர் சமிதியைத் தொடக்கினார். 1958இல் அவருக்கு மக்சேசே பரிசு கிடைத்தது. கிராமப் பெண்கள் கூடித் தையலும் நெசவும் பயின்று, தம் கையாற் சிறிது பொருளீட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒரே வித்திலிருந்து அங்கும் இங்கும் முளைத்தது எனலாம்.

ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவையே, முறைதான் முக்கியம். மாணாக்கர் தத்தம் ஊரில் விசாரித்து உண்மைத் தொகையை இட்டுக்கொள்ளலாம்.

ஒரு பாய்க்குப் பன்னும் சாயமும் 500 ரூபா என்க. இழைப்பதற்கு 20 மணித்தியாலம் சென்றது என்க. வீட்டு வாயிலிலே அப்பாய் 1,500 ரூபாவுக்கு விலைபோயிற்று. செலவு போக மிஞ்சியது 1,000 ரூபா. அதனை 20ஆற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 50 ரூபா. அப்பாயைக் கடைக்காரர் 2,200 ரூபாவுக்கு விற்கிறார். நடுவேயுள்ள 700 ரூபாவைக் கண்டு ‘கடைக்காரர் கொள்ளையடிக்கிறார்’ என்று நாம் கூறிவிடுகிறோம். வாடகை, மின்சாரம், பஸ் கூலி, விற்காது கிடந்து நிறம் மங்கிய பாய் ஆகிய யாவும் அந்த 700இலிருந்தே போகவேண்டும். உண்மையான ஓட்டை 700 ரூபாவில் இல்லை. மணித்தியாலத்துக்கு 50 ரூபா என்ற இடத்தில் இருக்கிறது.

அதனை 150 ரூபாவாக உயர்த்த விரும்பினால் என்னாகும்? உழைப்புக்கு 3,000, பொருளுக்கு 500. இழைத்தவருக்குக் கொடுக்கவேண்டியது 3,500 ரூபா. கடையின் பங்கையும் முன்னைய வீதப்படி கூட்டினால் விலை 5,000 ரூபாவைத் தாண்டும். பக்கத்துக் கடையிலே பிளாஸ்டிக் பாய் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, நிலத்தில் விரிக்க 5,000 ரூபா கொடுத்துப் பாய் வாங்குவோர் எத்தனை பேர்?

வழியில்லை என்று கைவிடவேண்டியதில்லை. வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, குறைந்த நேரத்தில் முடியும் சிறு பொருள். ஒரு மணித்தியாலத்தில் முடியக்கூடிய உணவுமேசைத் தட்டுப்பாய் ஒன்றுக்கு உழைப்பு 150 ரூபா, பொருள் 25 ரூபா. கடைப்பங்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 260 ரூபா. நான்கு கொண்ட கட்டு 1,040 ரூபா. அதனை அன்பளிப்பாக வாங்குவோர் தயங்கார். இழைத்தவருக்கோ மும்மடங்கு கூலி. இரண்டாவது, பத்தமடையைப் போலப் பெயரும் கோலமும் சொல்லிச் செய்விக்கும் உயர்ந்த பாய். திருமணத்துக்கென முன்பணம் பெற்று முழுவிலைக்கே செய்வது. நடுத்தரமான பாயை நாளுக்குநாள் மலிவாக விற்க முயல்வதே தொழிலைக் கொல்லும் வழி. பிளாஸ்டிக்கோடு மலிவிற் போட்டியிட்டுக் கைவிரல் வென்றதில்லை.

பெண்ணின் பெயரில் வீடு

இக்கரை மக்களிடம் வேறெங்கும் எளிதிற் காணவியலாத ஒரு வழக்கம் உண்டு. மகளுக்கு மணம் பேசும்போது பெற்றோர் அவளுக்கு ஒரு வீட்டைக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். கீழைக்கரையில் முஸ்லிம்களும் தமிழரும் பொதுவாகப் பேணிவந்த வழக்கம் இது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிற் பல்லாண்டு ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார்.

வேல்ஸிலோ, 1870ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன்னர், மணமான பெண் உழைத்த கூலிகூடச் சட்டப்படி கணவனுக்கே உரியது. தன் பெயரிற் சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை அவள் பெற்றது 1882இலேயே. இரவு பகலாகப் போர்வை தைத்த அக்காலத்துப் பெண், தான் குடியிருந்த வீட்டின் முன்னறையைக் கடையாக்க வேண்டுமானாற் கணவனது இசைவின்றி இயலாது.

ஒலுவிலிலும் நிந்தவூரிலும் மருதமுனையிலும் வாழும் பெண்ணின் நிலை அதுவன்று. வீடு பெரும்பாலும் அவளுடையது. வாடகை இல்லாத முன்னறை அவளிடம் இருக்கிறது. சிறு கடையை முதலில் விழுங்குவது வாடகையே என்பது கடை நடத்தியோர் அறிந்த உண்மை. அச்சுமை நீங்கினால், கடைப்பங்கான 700 ரூபாவிற் பெரும்பகுதி இழைத்தவரிடமே திரும்பச் சேரும். சீதன வழக்கத்தாற் பெற்றோர்மீது ஏறும் பாரத்தை நாம் மறக்கவில்லை. வீடு கட்டிக் கொடுப்பதற்காக வெளிநாட்டில் உழைத்து உடல் நைந்த தந்தையர் எத்தனையோ பேர். அத்துணைப் பாடுபட்டுக் கட்டிய வீட்டை அவளது தொழிலுக்கும் இடமாக்குவது அப்பாட்டுக்குச் செய்யும் நன்றி அல்லவா?

கடை வைக்க விரும்புவோருக்கு

கடை சிறிதாயினும் அதற்கெனச் சில ஒழுங்குகள் உண்டு. நாம் முதன்மையாகக் கருதுபவற்றை இங்கே தருகிறோம்.

முதலில், இரண்டு கொப்பிகள் வேண்டும். ஒன்று பணக்கணக்கு, மற்றொன்று மணிக்கணக்கு. எப்பொருளை யார் எத்தனை மணித்தியாலத்தில் செய்தார் என்பதை மூன்று மாதம் எழுதிவந்தால், எப்பொருள் கூலி தருகிறது, எது தரவில்லை என்பது தானே புலப்படும்.

இரண்டாவது, சரக்கை நிரப்பிவைத்தல் செல்வமன்று. தட்டிலே கிடக்கும் பாய் உறங்கும் பணம். கீழைக்கரையில் ஒக்டோபர் முடிவு தொட்டு ஜனவரி வரை பெய்யும் மாரிமழையில், ஈரம் ஏறிப் பாயிற் பூஞ்சணம் பூக்கும். ஆகையால் வெயிற்காலத்தில் இழைத்ததை மாரிக்கு முன்னர் விற்றுவிட வேண்டும்; எஞ்சியதை நிலத்திலும் சுவரிலும் படாதவாறு உயர்த்தி வைக்கவேண்டும். வாயிலிலே நாள்முழுதும் தொங்கவிட்டால் வெயிற் சாயத்தை உண்டுவிடும்.

மூன்றாவது, கடன். உறவினரும் அயலாரும் நிறைந்த ஊரிலே கடன் கொடாதிருத்தல் இயலாது. ஆனால், இழைத்தவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்திலிருந்து கடன் கொடுத்தல் தகாது. அது பிறருடைய பணம்.

நான்காவது, அளவும் பெயரும். ஆறடி என்றால் ஆறடி இருக்கவேண்டும். நான்கு தட்டுப்பாய் ஒரே அளவாக இல்லாவிடின், வாங்கியவர் மறுமுறை வாரார். ஒவ்வொரு பொருளிலும் ஊரின் பெயரையும், விரும்பினால் இழைத்தவரின் பெயரையும் எழுதிய சிறு சீட்டுத் தொங்கட்டும். பெயர் பொறித்த பொருளுக்குப் பேரம் குறையும் என்பதை முன்னரே கண்டோம்.

ஐந்தாவது, வெட்டுத்துண்டு. மருதமுனைத் துணியிலே சட்டையும் உறையும் தைப்போரிடம் மிஞ்சும் துண்டுகள் வீணாகின்றன. றெக்ஸாம் தையற்காரர் அத்தகைய துண்டுகளைக் கொண்டே பெயர் பெற்றார். கோடும் கட்டமுமாக நிறம் மிக்க கைத்தறித் துண்டுகளை இணைத்துப் பை, தலையணையுறை, குழந்தைக்கு விரிப்பு ஆகியன தைக்கலாம். பன் பாய்க்குத் துணிக்கரை தைத்தாற் பாயும் நீடித்து உழைக்கும். இரு தொழிலும் ஒரு பொருளிற் கூடும்.

இறுதியாக, வாங்குவோர் யாவர் என்பதை அறிதல். ஒலுவிற் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர்; விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டாருக்கு ஏதேனும் கொண்டுசெல்ல விரும்புவர்; பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோரும் வருவர். தெற்கே பொத்துவிலையடுத்த அறுகம்பைக்கு, ஏறத்தாழ ஏப்ரில் முதல் ஒக்டோபர் வரை, அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் வருகின்றனர். பன் காயும் பருவமும் அவர்கள் வரும் பருவமும் ஒன்றாயிருப்பது இயற்கை தந்த வசதி. இவற்றைத் தவிரப் பெருநாளும் அறுவடையும் திருமணமும் உள்ளூரின் வாங்கும் காலங்கள்.

பெரிய முன்மாதிரியை நாடுவோருக்கு எமது நாட்டிலேயே ஒன்றுண்டு. பார்பரா சன்சோனி அம்மையார் 1964இற் கொழும்பிலே தொடக்கிய ‘பெயார்புட்’ நிறுவனம், கிராமப் பெண்கள் கையால் நெய்த துணியை நிறத்தின் துணிவாலும் வடிவின் புதுமையாலும் உலகறியச் செய்தது. ‘ஏழைகளுக்கு உதவுங்கள்’ என்று அங்கே துணி விற்கப்படவில்லை. ‘இதனைப் போல் வேறில்லை’ என்று விற்கப்பட்டது. இரக்கத்தால் ஒருவர் ஒருமுறை வாங்குவார். விருப்பத்தால் வாங்குபவரே மீண்டும் வருவார்.

வாங்குவோர் பொறுப்பு

கடைக்காரருக்கு இவ்வளவு அறிவுரை கூறிய நாம் வாங்குவோரை விட்டுவிடலாகாது. நகரத்துக் கடையில் ஒட்டியுள்ள விலையை வாய்திறவாது கொடுக்கும் நாம், கிராமத்து வாயிலிலே இழைத்த பெண்ணிடம் நூறு ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அந்த நூறு ரூபா அவருடைய இரண்டு மணித்தியாலம் என்பதை மேற்கூறிய கணக்கு காட்டும்.

தாய் பாய் இழைப்பதை மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் செல்பவள், கணக்குத் தெரிந்தவள். மணித்தியாலத்துக்கு 50 ரூபா தரும் தொழிலை அவள் கற்கமாட்டாள். கற்கவேண்டும் என்று சொல்வதற்கு நமக்கு உரிமையுமில்லை. அத்தொழில் நியாயமான கூலி தருமாயின், படிப்போடும் உத்தியோகத்தோடும் கூட அதனைக் கைக்கொள்ள அவள் நாணமாட்டாள். மரபைக் காக்கவேண்டும் என்று மேடையிற் பேசுவதைக் காட்டிலும், ஒரு பாய்க்கு உரிய விலையைக் குறைக்காது கொடுப்பது பெரிய தொண்டு. விடுமுறைக்குக் கல்முனைப் பக்கம் செல்லும் குடும்பத்தார் அதனைச் செய்து பார்க்கலாம்.